வேலூரிலிருந்து குல்மார்க் பனிச்சறுக்குக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பிப்ரவரி மாதத்தில் காட்பாடியிலிருந்து நாங்கள் ஆறு பேர் காஷ்மீரின் குல்மார்க்குக்குச் சென்று வந்தோம். என் மனைவி, பத்து வயது மகள், 63 வயதான அம்மா, மைத்துனர், அவருடைய மனைவி, நான். திரும்பி வந்த நாளிலிருந்து தெருவிலும் அலுவலகத்திலும் உறவினர் வீட்டுத் திருமணங்களிலும் ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிவருகிறேன். அந்தப் பதில்களைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பனிச்சறுக்குக்கு ஏன் குல்மார்க்? வேறு இடங்கள் இல்லையா?

இருக்கின்றன. உத்தராகண்டில் சமோலி மாவட்டத்தின் ஆலி, இமாசலத்தில் மணாலிக்கு மேலே உள்ள சோலாங் ஆகிய இரண்டும் பெயர் பெற்றவை. ஆலியில் நின்றால் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவி கண்ணெதிரே தெரியும். ஆனால் அங்கே செல்ல ஜோஷிமட்டிலிருந்து ஏறும் கம்பிவட ஊர்தி, நிலம் தாழ்ந்து வீடுகளில் விரிசல் விழுந்த 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

குல்மார்க் பாராமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1927-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர்கள் அங்கே பனிச்சறுக்கைத் தொடங்கிவிட்டார்கள். நம் கணக்கில் சொல்வதென்றால், ஏலகிரி ஊர் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏலகிரிமேல் இன்னோர் ஏலகிரியை வைத்தாலும் குல்மார்க்கின் கடைத்தெருவை எட்ட முடியாது. அந்தக் கடைத்தெருவுக்கு மேலும் 1,300 மீட்டர் ஏறிச் செல்கிறது கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி.

எந்த மாதத்தில் போக வேண்டும்?

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை என்பது என் பதில். காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள்களைச் சில்லை கலான் என்கிறார்கள். கடுங்குளிரின் காலம் அது. அதை அடுத்து இருபது நாள் சில்லை குர்த், அதன்பின் பத்து நாள் சில்லை பச்சா, அதாவது குளிரின் குழந்தை. நாம் அக்னி நட்சத்திரத்தை நாள் எண்ணிக் கடப்பதைப் போலவே அவர்கள் இதைக் கடக்கிறார்கள் என்பதை அறிந்தபோது, வேலூர்க்காரனான எனக்கு அவர்கள்மேல் ஒரு தனிப் பரிவு வந்தது.

ஆனால் நாள்காட்டியைப் பார்த்துப் பனி பெய்வதில்லை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று மழை தருவதுபோல, அவர்களுக்கு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்தியக் காற்றழுத்தச் சலனங்கள் பனி தருகின்றன. அவை தவறினால் பனியும் தவறும். 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் புல்லும் மண்ணுமாகக் காய்ந்து கிடந்தன. 2025-இல் பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆகவே பயணச்சீட்டை முன்கூட்டியே எடுத்தாலும், விடுதியை ரத்து செய்ய வழியுள்ள முறையில் பதிவு செய்வது நல்லது.

அரையாண்டு விடுமுறையில் போகலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். போகலாம், ஆனால் டிசம்பர் கடைசியில் பனி போதாமல் இருக்கலாம், கூட்டமோ நிச்சயம். கோடை விடுமுறையில் போனால் பச்சைப் புல்வெளியையும் உச்சியில் எஞ்சிய பழம்பனியையும் பார்க்கலாம், சறுக்க முடியாது.

வேலூரிலிருந்து எப்படிச் செல்வது?

சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ விமானத்தில், பெரும்பாலும் தில்லியில் மாறி, ஸ்ரீநகர் போவது எளிது. நேரம் உள்ளவர்களுக்கு ரயில் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து கட்ரா செல்லும் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாகத்தான் போகிறது. 2025 ஜூனில் கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ஓடத் தொடங்கிய பிறகு, ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடந்து ரயிலிலேயே பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடலாம். காட்பாடியிலிருந்து கட்ரா வரை இரண்டு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், வயதானவர்களோடு நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வரை கார் சாதாரணமாகப் போகும். அதற்கு மேலுள்ள 13 கிலோமீட்டர் மலைப்பாதையில் பனி கிடக்கும் நாள்களில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளையே விடுவார்கள். எனவே உங்கள் காரைத் தங்மார்க்கில் விட்டுவிட்டு உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். இதை அறியாதவர்கள் ஓட்டுநர் ஏமாற்றிவிட்டதாக எண்ணிச் சண்டை பிடிப்பதை நேரில் பார்த்தேன்.

ஸ்ரீநகரில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா?

வரலாம், பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் அப்படித்தான் போடப்படுகின்றன. குல்மார்க் போய்விட்டு முகம் வாடித் திரும்பியவர்களில் நான் பேசிய அனைவரும் அந்த ஒரு நாள்காரர்கள்தாம். நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்: இரண்டு இரவாவது குல்மார்க்கிலேயே தங்குங்கள்.

ஒரு நாள் பயணம் எப்படிக் கழியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஸ்ரீநகரில் கிளம்பினால், தங்மார்க்கில் ரப்பர் பூட்ஸும் கோட்டும் வாடகைக்கு எடுத்து, வண்டி மாறி, மேலே சேரும்போது பதினொன்று ஆகிவிடும். வண்டியிலிருந்து இறங்கியதும், ஸ்லெட்ஜ் என்னும் பனிப்பலகையில் ஆள்களை உட்காரவைத்து இழுப்பவர்கள், வழிகாட்டிகள், பனி ஸ்கூட்டர்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கொண்டோலா வரிசையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ போகும். பசிக்கும். மூன்று மணிக்கெல்லாம் ஓட்டுநர், இருட்டும் முன் இறங்க வேண்டும் என்று அழைத்துவிடுவார். இடையில் பனியில் காலூன்றி நின்ற நேரம் எவ்வளவு?

அங்கேயே தங்குபவர்களுக்கு வேறு ஒரு குல்மார்க் கிடைக்கிறது. மாலை நான்கரைக்கு மேல் ஒரு நாள்காரர்கள் இறங்கிவிடுகிறார்கள். பேரம் பேசும் குரல்கள் அடங்கிவிடுகின்றன. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு விடுதிக் கதவைத் திறந்தபோது, இரவில் பெய்த பனிமேல் ஒரு நரியின் கால்தடம் மட்டும் வேலியோரமாக நேர்க்கோட்டில் போயிருந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, கோலமாவை எடுப்பதுபோல இரு விரலால் பனியை எடுத்துப் பார்த்தார். நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதுதானே! கையில் எடுத்தால் நறநறவென்று மாவாக உதிரும் பனியை அவர் அன்றுதான் தொட்டார். அதற்கு எந்தக் கட்டணமும் இல்லை.

இதுவரை பனியையே பார்க்காதவர்கள் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ள முடியுமா?

இரண்டு காலைப் பொழுதுகள் இருந்தால், மென்மையான சரிவில் விழாமல் இறங்கி, நினைத்த இடத்தில் நிற்கும் அளவுக்குக் கற்கலாம். கொண்டோலா நிலையத்துக்கு அருகிலேயே தொடக்க நிலையினருக்கான தாழ்ந்த சரிவுகள் உள்ளன. காலில் மாட்டும் சறுக்குப் பலகை, பூட்ஸ், கைத்தடி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்; பயிற்றுநரை மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ அமர்த்தலாம். தீவிரமாகக் கற்க விரும்பும் இளைஞர்கள், ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் அங்கே இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் வகுப்புகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

முதல் அதிர்ச்சி பூட்ஸில்தான். அது செருப்பும் அல்ல, ஷூவும் அல்ல. கணுக்காலை அசையவிடாமல் பூட்டும் ஒரு பிளாஸ்டிக் கூடு. கொக்கிகளை மாட்டி எழுந்து நின்றால், முழங்காலைச் சற்று மடித்தபடியேதான் நிற்க முடியும், ரோபோவைப் போலத்தான் நடக்க முடியும். நேராக நிற்கும்போது கால்விரல் முன்னே லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடித்ததும் விலக வேண்டும். அதுதான் சரியான அளவு. கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் வெளியே வராதீர்கள். அவசரத்தில் ஓர் அளவு பெரியதை மாட்டிக்கொண்டு கிளம்பிய என் மைத்துனர், அன்று மாலை இரு கெண்டைக்காலிலும் தோல் உரிந்து திரும்பினார்.

அடுத்தது உடலின் பழக்கம். சரிவில் இறங்கும்போது பின்னால் சாய்வது நம் இயல்பு. பனிச்சறுக்கில் அதுவே வினை. எடை பின்னால் போனதும் பலகையின் முன்பகுதி பிடியிழந்து உங்களை விட்டு ஓடும். உடலை முன்னால் கொடுத்து, கெண்டைக்காலின் முன்எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்தும்படி நிற்க வேண்டும். எங்கள் பயிற்றுநர் இரண்டு மணி நேரத்தில் “ஆகே, ஆகே” (முன்னால், முன்னால்) என்ற ஒரு சொல்லை நூறு முறையாவது சொல்லியிருப்பார். வேகத்தைக் குறைக்க, ஓலைக்குடிசையின் கூரையைப் போல இரு பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரிக்க வேண்டும். எவ்வளவு விரிக்கிறீர்களோ அவ்வளவு வேகம் குறையும். முன்முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் விழுவீர்கள்.

விழுவது அவமானமன்று, எழுவதுதான் பாடு. பலகைகள் பள்ளத்தைப் பார்த்திருக்க எழ முயன்றால், பாதி எழும்போதே அவை கிளம்பிவிடும். படுத்தபடியே இரு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, பிறகு மேட்டுப் பக்கம் கையூன்றி எழ வேண்டும். யாரும் இதை எனக்கு முதலிலேயே சொல்லவில்லை. ஐந்தாம் முறை விழுந்த பிறகு அங்கே சறுக்கிக்கொண்டிருந்த ஓர் உள்ளூர்ச் சிறுவன் சொன்னான். என் மகள் முதல் நாள் மதியமே தனியாக இறங்கிவிட்டாள். குழந்தைகளுக்கு விழும் தூரமும் குறைவு, விழுந்ததைப் பற்றிய யோசனையும் குறைவு.

கொண்டோலாவில் இரண்டாம் கட்டம் வரை போயே ஆக வேண்டுமா?

கொண்டோலாவின் முதல் கட்டம் குல்மார்க்கிலிருந்து கொங்டூரி வரை, ஏறத்தாழ 3,050 மீட்டருக்குச் செல்கிறது, 1998-இல் தொடங்கியது. 2005-இல் திறந்த இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வத் மலையின் தோளில், 3,900 மீட்டருக்கும் மேலே விடுகிறது. ஆறு பேர் அமரும் பெட்டிகள். சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டே போக வேண்டும். பரபரப்பான வாரங்களில் இரண்டாம் கட்டச் சீட்டு முதலில் தீர்ந்துவிடும்.

வானம் தெளிவாக இருந்தால் மேலிருந்து தெரியும் காட்சியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் காற்று பலமாக வீசினால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கும் அதுவே நடந்தது. கொங்டூரியில் இரண்டரை மணி நேரம் காத்திருந்து இறங்கினோம். சுற்றி நின்றவர்கள் ஊழியர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். 2017 ஜூனில் பலத்த காற்றில் ஒரு மரம் சாய்ந்து விழுந்த விபத்தில் ஏழு பேர் இறந்த கம்பிவடம் அது. காற்றுக்கு நிறுத்துகிறார்கள் என்றால் அதை நான் குறையாகக் கருத மாட்டேன்.

சறுக்கத் தெரியாதவர்கள் உச்சிக்குப் போவது காட்சிக்காக மட்டுமே. முதல் கட்டமும், மீதி நேரம் கீழ்ச்சரிவுமே நிறைவானவை என்பது என் தீர்ப்பு. என் மனைவி இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

என்ன உடுத்துவது? நம் ஊரில் கிடைக்குமா?

மூன்று அடுக்கு வேண்டும். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி, வெளியே நீர் புகாத கோட்டும் கால்சட்டையும். பருத்தியை உள்ளே போடாதீர்கள். நம் வெயிலுக்கு உகந்த அதே பருத்தி, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பனியில் உடலைச் சில்லிட வைக்கும். காலுறையை இரண்டு மூன்றாகத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைக்கும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்றே போதும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து உறவினர்கள், நம்மிடம் இல்லாத தோலா என்று கையுறையும் ஷூவும் கொடுத்து அனுப்பினார்கள். நல்ல தோல்தான். ஆனால் தோல் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கே தெரியும், பதப்படுத்தியபோது எண்ணெயோ மெழுகோ ஏற்றாத தோல் தண்ணீரைக் குடிக்கும். நகரத்துக்கான வழவழப்பான அடிப்பாகம் கொண்ட தோல் ஷூ, மிதிபட்டு இறுகிய பனியில் சோப்பாக வழுக்கும். ஷூவை விடுதியில் வைத்துவிட்டு, நீர் புகாத பூட்ஸை வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். எனக்குக் கிடைத்த இடது பூட்ஸின் அடியில் வெடிப்பு இருந்ததை, காலுறை நனைந்த பிறகே அறிந்தேன்.

கறுப்புக் கண்ணாடியும் முகப்பூச்சும் கட்டாயம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிரின் வீச்சும் சுமார் 10 சதவீதம் கூடும். மே மாத வேலூர் வெயிலில் அலைந்து பழகிய தோல் என்று அலட்சியமாக இருந்த எனக்கு, தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழ்ப்புறமும் உரிந்தது. அங்கே வெயில் கீழிருந்தும் வருகிறது.

வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், குழந்தைகள் வரலாமா?

குல்மார்க் வரை பெரும்பாலானோர் வரலாம். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். முதல் நாள் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். கொண்டோலாவின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அங்கே ஏற வேண்டாம். காற்று தடுக்காவிட்டாலும் அம்மாவை முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வதாகவே இருந்தோம்.

இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது. பெட்டியில் வைக்காமல் சட்டையின் உள்பையில், உடல் சூட்டில் வையுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் பிழை காட்டும். அறைக்குள் வந்து கருவி சூடேறிய பிறகு பாருங்கள்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

காஷ்மீரிகளும் நம்மைப் போலச் சோற்றுக்காரர்கள். ஹாக் என்னும் கீரை, ராஜ்மா, சோறு எல்லா இடத்திலும் உண்டு. அசைவம் உண்பவர்கள் ஆம்பூர் பிரியாணியோடு ஒப்பிடாமல், ரோகன் ஜோஷ் என்னும் ஆட்டிறைச்சிக் குழம்பை அதன் இயல்பிலேயே சாப்பிட்டுப் பாருங்கள். குல்மார்க்கின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் எதுவும் வேகச் சற்று நேரமாகும். பசிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் நூன் சாய் என்னும் தேநீரில் உப்பு இருக்கும். அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, கடைக்காரர் தவறிப்போய் உப்புப் போட்டுவிட்டதாகவே நம்பினார். குங்குமப்பூவும் பாதாமும் போட்ட கஹ்வா என்னும் தேநீர் எல்லாருக்கும் பிடித்தது. பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும்; புக்காரி என்னும் விறகு அடுப்பின் பக்கத்தில் வைத்துத்தான் தலைக்குத் தேய்த்தோம்.

இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

வேலூர் காந்தி ரோட்டில் நடந்து பழகியவருக்கு அந்தப் பயம் தேவையில்லை, சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வடவர்களோடு கைச்சாடையிலும் பாதி மொழியிலும் பேசித்தானே நம் கடைகள் ஓடுகின்றன! வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரர்கள் உருது பேசினால் அங்கே இன்னும் நெருக்கமாகிவிடுகிறார்கள். எங்கள் ஓட்டுநர் வேலூர் என்று சொன்னதும் ஆஸ்பத்திரி என்றார். அவருடைய சித்தப்பா சிகிச்சைக்கு வந்து ஒரு மாதம் தங்கியிருந்தாராம்.

ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள் ஏமாற்றுவார்களா?

தொல்லை உண்டு, மறுக்கவில்லை. எங்கே வரை, எத்தனை பேர், எவ்வளவு, திரும்பி வருவது சேர்த்தா என்று நான்கையும் ஏறும் முன் பேசிவிடுங்கள். நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு எங்களிடம் ஒருவர் கூடுதலாக வாங்கிவிட்டார். தவறு பாதி என்னுடையது, நான் கேட்கவே இல்லை. எனினும் ஒரு பலகையில் உங்களை உட்காரவைத்துக் கயிற்றை இடுப்பில் கட்டி மேட்டில் இழுப்பவரின் மூச்சை அருகிலிருந்து கேட்ட பிறகு, ஐம்பது ரூபாய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு இந்த வருமானம் பனிக்காலத்தின் சில வாரங்களுக்குத்தான்.

செல்போன் வேலை செய்யுமா?

வெளிமாநில ப்ரீபெய்டு சிம்கள் ஜம்மு-காஷ்மீரில் இயங்குவதில்லை. குழுவில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். போனை உள்பையில் வையுங்கள்.

பனிச்சரிவு ஆபத்து இருக்கிறதா?

தொடக்கச் சரிவுகளில் கவலை வேண்டாம். அஃபர்வத்தின் மேல்பகுதி வேறு. அங்கே பனியைச் சமன் செய்யாத, இயற்கையான மலைச்சரிவில் சறுக்குகிறார்கள். அதற்காகவே உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள். அனுபவமுள்ளவர்களுக்கே நேர்ந்தது அது. கயிறு கட்டி மறித்த இடத்தைப் புகைப்படத்துக்காகக்கூடத் தாண்டாதீர்கள். கிளம்பும் வாரத்தில் அரசின் வானிலை எச்சரிக்கைகளையும், எந்தெந்த இடங்கள் திறந்திருக்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்தபடியே உடலைத் தயார் செய்ய வழி உண்டா?

உண்டு. பனிச்சறுக்கில் முதலில் சோர்வது தொடையின் முன்தசை. ஏறுவதைவிட இறங்குவதில்தான் அது அதிகம் உழைக்கிறது. ஆகவே ஆறு வாரம் முன்பிருந்தே வாரம் இருமுறை வள்ளிமலைக்கோ ரத்தினகிரிக்கோ போய், ஏறும்போது எப்படியும் ஏறி, இறங்கும்போது கைப்பிடியைத் தொடாமல், முழங்காலை மடித்து, நிதானமாக ஒவ்வொரு படியாக இறங்குங்கள். நான் அதைச் செய்யாமல் போனேன். இரண்டாம் நாள் இரவு விடுதியின் மாடிப்படியில், என் மகள் முன்னால் ஓட, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன் நான்தான்.